முத்தம்மாளும் மார்கரெட்டும்

பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பேத்தி என்பது பெயர்த்தி. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன், பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. வேறு மொழிகள் பலவும் மகனுக்கு மகன், மகளுக்கு மகள் என்று உறவை எண்ணிச் சொல் அமைத்திருக்க, நம் மொழியோ பெயரையே உறவாக்கி வைத்தது. ஒருவர் மறைந்த பின்னும் அவர் பெயர் வீட்டில் ஒலித்துக் கொண்டிருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கருத்துப் போலும். பெயரைத் தாங்காத பெண்ணைப் பெயர்த்தி என்று அழைக்கலாமா என்ற கேள்வி நம் வீட்டில் ஒருமுறை எழுந்தது. எழுப்பியவர் நாமே. அதனால் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வீணாயிற்று. அக்கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நம் தாயார் பெயர் முத்தம்மாள். தாமிரபரணிக் கரையில், ஏரலுக்கு அருகில் ஒரு சிற்றூர் நமக்குச் சொந்த ஊர். அந்நாளில் திருநெல்வேலி மாவட்டம். 1986இல் பிரிந்து இப்போது தூத்துக்குடி மாவட்டம். நாம் 1968இல் பிழைப்புக்காகப் பம்பாய் வந்து விக்ரோலியில் ஓர் ஆலையில் வேலைக்கு அமர்ந்தோம். மூன்றாண்டு கழித்துத் தாயாரையும் அழைத்து வந்தோம். கன்னம்வார் நகரில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். வந்த மறுநாள் பாண்டுப் பக்கம் உப்பளங்களைக் கண்டவர், "ஏல, இதுவும் நம்ம தூத்துக்குடி மாதிரிதான இருக்கு" என்றார். மராட்டி தெரியாமல், இந்தி தெரியாமல், அந்த உப்பு வெண்மை ஒன்றையே துணையாகக் கொண்டு பதினெட்டு ஆண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்து 1989இல் கண்மூடினார்.

முத்து என்று பெயர் கொண்ட அவர் வாழ்நாளில் ஒரு முத்தைத் தொட்டதில்லை. காதில் கல் வைத்த தோடு ஒரு சோடி இருந்தது. அதுவும் நம் தங்கையின் திருமணத்தோடு போயிற்று. அவர் பெயரில் இருந்த முத்து கடல் முத்தா என்பதே ஐயத்துக்குரியது. அவர் பிறந்த ஆண்டு ஊரில் அம்மை வார்த்திருந்தது என்றும், பச்சைக் குழந்தைக்கும் முத்துப் போட்டது என்றும், பிழைத்தால் உன் பெயரையே வைக்கிறோம் என்று மாரியம்மனுக்கு நேர்ந்து கொண்டார்கள் என்றும் நம் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். முகத்தில் தழும்பு இருந்தது. உயிரைக் கொள்ளை கொள்ளும் கொப்புளத்தை முத்து என்று அழைத்த நம் மக்களின் அச்சத்தையும் பணிவையும் எண்ணிப் பாருங்கள். பெரியம்மை 1975க்குப் பிறகு இந்தியாவில் எவரையும் தீண்டவில்லை. 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று முத்துமாரி என்று பெயரிடுவோர் அந்தக் கொப்புளத்தை நினைப்பதில்லை. நம் தாயார் கண்ணாடி பார்க்கும் போதெல்லாம் நினைத்திருப்பார்.

கடைசி நாட்களில் அவர் கேட்டது ஒன்றே. "ஒம் மவனுக்குப் பொம்பளப்பிள்ளை பொறந்தா எம் பேர விட்ரணும்." விடுகிறோம் என்று கையடித்துச் சொன்னோம்.

மகன் 1995இல் மணம் செய்து கொண்டான். பெண், அவனோடு படித்தவள். கோவாக் கத்தோலிக்கக் குடும்பம். விக்ரோலியிலேயே பிறந்து வளர்ந்தவள். நாம் அதனைத் தடுக்கவில்லை. பம்பாயில் வாழ்ந்தவர்க்கு அந்த அளவு மனம் அகன்றிருக்கும். ரயில் பாதைக்கு மேற்கே பார்க்சைட்டில் வீடு பார்த்துக் கொண்டார்கள். 1997 ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. நாம் மருத்துவமனைக்குச் சென்று பார்த்து, முத்தம்மாள் என்று முழுமையாக வேண்டாம், முத்துச்செல்வி என்றோ முத்துமலர் என்றோ புதுமையாக வைத்துக் கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையோடு அறிவுரையும் கூறி வந்தோம். இரண்டு வாரத்தில் செய்தி வந்தது. பெயர் மார்கரெட்.

மருமகளின் பாட்டி பெயர் அது. மட்காவுக்கு அருகே ஒரு கிராமத்தவர். ஊரில் போர்த்துகீசிய வழக்குப்படி மார்கரிதா என்பார்களாம். தாயை இளமையில் இழந்த மருமகளை வளர்த்தவர் அவரே. அந்த ஆண்டு வைகாசியில் இறந்திருந்தார். இவ்வளவும் மகன் நம்மிடம் சொன்னான். நம் காதில் விழுந்தது மார்கரெட் என்ற ஒலி மட்டுமே. இங்கிலாந்து அரசியின் தங்கை பெயர். தொழிற்சங்கங்களை ஒடுக்கிய பிரதமர் பெயர். நம் முத்தம்மாள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்து கொண்டாள் என்று தோன்றியது. ஞானஸ்நானத்துக்கு அழைத்தார்கள், போகவில்லை. பிறகும் போகவில்லை. கிழக்கு விக்ரோலிக்கும் மேற்கு விக்ரோலிக்கும் நடுவே இருப்பது ஒரு ரயில் பாதையும் ஒரு நடைமேம்பாலமும்தான். பதினொரு மாதம் அந்தப் பாலத்தின் மேல் நாம் கால் வைக்கவில்லை.

துணைவியார் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் மார்க்கெட்டுக்குப் போய் வருவார். பை நிறையக் காய் இராது. அதைக் கவனிக்கும் அளவு நமக்கு நுட்பம் போதவில்லை.

மறு ஆண்டு தமிழன்பர்கள் சிலர் சிறு மலர் ஒன்று வெளியிட முனைந்தனர். கொற்கையைப் பற்றி எழுதித் தருமாறு நம்மைக் கேட்டனர். கொற்கை நம் ஊரிலிருந்து நடை தூரம், எழுதக் கசக்குமா? அகநானூறு, ஐங்குறுநூறு, மதுரைக்காஞ்சி எல்லாவற்றிலும் அதன் முத்து மின்னுகிறது. அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை எண்ணும்போது தாமிரபரணி முத்தையும் பாண்டிய முத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழியே வந்த பெயரறியாக் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதி வைத்த பெரிப்ளூஸ் என்னும் கையேடு, கொல்கை என்னும் இடத்தில் பாண்டியனுக்குரிய முத்துக் குளிப்பு நடைபெறுவதையும், தண்டனை பெற்ற கைதிகளை அத்தொழிலில் இறக்கியதையும் கூறுகிறது. (நம் புலவர்கள் இந்தக் கைதிகளைப் பாடியதாக நாம் கண்டதில்லை.) இவற்றை எல்லாம் குறித்துக் கொண்டு, மெகஸ்தனிஸ் என்ன சொல்கிறார் என்று பார்க்க மெக்ரிண்டில் என்பவர் 1877இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைப் புரட்டினோம்.

அங்கே ஏரியன் என்னும் கிரேக்க ஆசிரியர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எடுத்தெழுதிய ஒரு கதை இருந்தது. ஹெராக்ளிஸ் என்னும் வீரன் உலகெங்கும் நிலமும் நீரும் சுற்றித் தீமைகளை அகற்றி வரும்போது கடலில் ஒரு புதிய அணிகலனைக் கண்டானாம். அதனைப் பெரிதும் வியந்து, எல்லாக் கடல்களிலிருந்தும் திரட்டி இந்தியாவுக்குக் கொண்டு வந்து தன் ஒரே மகளுக்கு அணிவித்தானாம். மகள் பெயர் பண்டையா. அவள் ஆண்ட நாட்டுக்கும் அவள் பெயரே வழங்கிற்றாம். பாண்டிய நாட்டைப் பற்றிக் கிரேக்கர் காதில் விழுந்த கதை இது. அந்த அணிகலனின் பெயரை ஏரியன் தருகிறார். இந்தியர் மொழியில் அதனை இவ்வாறு அழைப்பர் என்றும் சேர்த்துச் சொல்கிறார். பெயர் மார்கரிதேஸ். முத்து.

கையிலிருந்த எழுதுகோலைக் கீழே வைத்தோம். ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தோம். மார்கரெட்: பழைய பிரெஞ்சு வழியாக, இலத்தீன் மார்கரீத்தா, கிரேக்க மார்கரிதேஸ், பொருள், முத்து.

மற்றவற்றைப் பிற்பாடு பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேர்த்தோம். கிரேக்கரில் இச்சொல்லை முதலில் எழுதி வைத்தவர்களுள் ஒருவர் அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவர். இந்தியாவிலும் செங்கடல் தீவுகள் சிலவற்றிலும் முத்து கிடைக்கிறது என்கிறார். ஏரியன் இதனை இந்தியச் சொல் என்றாலும், இக்காலச் சொல்லாராய்ச்சியாளர் ஈரானிய மொழி ஒன்றிலிருந்து கிரேக்கம் பெற்றது என்றே பெரும்பாலும் கொள்கின்றனர். பழைய பாரசீகப் பஹ்லவியில் மர்வாரீத். இன்றைய பாரசீகத்தில் மொர்வாரீத். மாதுங்காவில் ஓர் இரானி ஓட்டலில் தேநீர் அருந்தும்போது முதலாளியிடம் முத்துக்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டோம். கல்லாவிலிருந்து தலை நிமிராமல் "மொர்வாரீத்" என்றார். ஈராயிரம் ஆண்டுச் சொல் ஒன்று சில்லறை எண்ணும் ஓசைக்கிடையே நம் காதில் விழுந்தது. மஞ்சரி என்னும் வடசொல்லோடு இதனை இணைத்துக் காண்பாரும் உளர். அந்த வழக்கில் நாம் தலையிடவில்லை.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விட வேண்டும். இந்தச் செய்தியை ஒரு கூட்டத்தில் நாம் சொன்னபோது, நண்பர் ஒருவர் எழுந்து மார்கரெட் என்பது 'மார்கழி முத்து' என்னும் தமிழ்த் தொடரின் சிதைவே என்று நிறுவத் தொடங்கி விட்டார். கைதட்டலும் கிடைத்தது. அது அன்று. முத்து என்ற சொல்லே வடமொழிக்குச் சென்று முக்தா ஆயிற்று என்பார் அறிஞருள் உண்டு. மராட்டியர் சொல்லும் மோத்தி அந்த முக்தாவின் வழி வந்தது. மார்கரெட் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. சொல் நம்முடையது அன்று; பொருள்தான் நம்முடையது. அதுவும் முழுதும் நம்முடையதன்று. பாரசீக வளைகுடாவிலும் முத்தெடுத்தார்கள். ஆயினும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியாவும் சீனமும் அரபு நாடும் நம்மிடமிருந்து கொண்டு போகின்றன என்று ரோமாபுரியில் பிளினி புலம்பினாரே, அந்தப் பணத்தில் ஒரு பங்கு நம் ஆற்று முகத்துக்கு வந்திருக்கும். ரோமப் பெண்கள் மார்கரீத்தா என்று சொல்லிக் காதில் அணிந்தவற்றுள் சில கொற்கைக் கைதிகள் மூச்சடக்கி எடுத்தவையாக இருக்கும்.

பொருளின் பெயர் பெண்ணின் பெயராயிற்று. அந்தியோக்கியாவின் புனித மார்கரெட் நாகம் ஒன்றின் வயிற்றிலிருந்து சிலுவையின் துணையால் வெளிப்பட்டாள் என்பது கதை; பிரசவ வேதனைப்படும் பெண்கள் அவளை வேண்டிக் கொள்வர். வரலாற்றுச் சான்று போதாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் பொது நாட்காட்டியிலிருந்து 1969இல் அவள் திருநாளை எடுத்து விட்டனர். அதற்குள் அவள் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. ஸ்காட்லாந்தில் அதனை நிலைநாட்டியவர் 1093இல் மறைந்த அரசி மார்கரெட், அவரும் புனிதரே. அங்கிருந்து பிரிட்டன் தீவெங்கும் எத்தனை உருவங்கள்! மேகி, மெக், மார்ஜரி, மேட்ஜ். மெக் எப்படியோ பெக் ஆகிப் பெக்கி ஆயிற்று. வடக்கே கிரெட்டா. இத்தாலியில் மார்கரித்தாவின் வால் மட்டும் நறுக்கப்பட்டு ரீட்டா ஆயிற்று. கேஸியாவின் புனித ரீட்டாவின் இயற்பெயர் அதுவே. நம் பகுதியில் இந்துப் பெண்களிலும் ரீட்டாக்கள் உண்டு. தாங்கள் பாதி முத்து என்று அவர்கள் அறியார். பிரெஞ்சில் மார்கெரீத் என்பது ஒரு சிறு வெண்மலருக்கும் பெயர். ஆங்கிலத்தில் அம்மலர் டெய்சி. ஆதலால் மார்கரெட் என்றவளை டெய்சி என்று கொஞ்சினர். ஒரு வேதியியலார் 19ஆம் நூற்றாண்டில் கொழுப்பமிலம் ஒன்று முத்துப்போல் மினுங்கக் கண்டு மார்கரிக் என்று பெயரிட, அதிலிருந்து 1869இல் செயற்கை வெண்ணெய்க்கு மார்கரின் என்ற பெயர் வாய்த்தது. முத்து ரொட்டியின் மேல் தடவப்படும் நிலைக்கு வந்ததைப் பாண்டியன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்!

இவ்வளவையும் விட நம் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்தவரும் 1915இல் இந்தியா வந்தவருமான மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அச்சங்கத்தில் அவரோடு பணியாற்றியவர், 1927இல் சென்னைச் சட்டசபையில் இடம்பெற்று அதன் துணைத்தலைவராகவும் அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஒரு முத்தும் மற்றொரு முத்தும் ஒரே மேசையில் அமர்ந்து தீர்மானங்கள் எழுதியிருக்கின்றன. ஒருவர் பெயரை மற்றவர் பெயர்த்துப் பார்த்திருப்பாரோ என்னவோ.

கதைக்குத் திரும்புவோம். அகராதியை மூடிய அன்று வியாழக்கிழமை. வீட்டில் துணைவியார் இல்லை. நாம் சட்டையை மாட்டிக் கொண்டு, அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கையில் சுருட்டிக் கொண்டு, பாலத்தைக் கடந்தோம். பார்க்சைட் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கிற்று. கதவு திறந்தே இருந்தது. உள்ளே துணைவியார் கால் நீட்டி அமர்ந்து, கால்களின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தார். "என் முத்தே, எங்க முத்துல்லா, திரும்பு" என்றார் குழந்தையிடம்.

வாசலில் நின்று கேட்டோம்: "எத்தனை நாளாய் இப்படிக் கூப்பிடுகிறாய்?"

"பொறந்ததுல இருந்துதான். எல்லாப் பிள்ளையும் முத்துதானங்க?" என்றார், நாம் வந்தது பெரிய செய்தி இல்லை என்பது போல.

மருமகள் சமையற்கட்டிலிருந்து வந்து "வாங்க மாமா" என்றாள். நாம் சுருளை விரித்து, நின்ற வாக்கிலேயே ஏரியனையும் மெகஸ்தனிஸையும் பாண்டியன் மகளையும் எடுத்துரைத்தோம். தன் பாட்டியின் பெயருக்கு அந்தப் பொருள் உண்டு என்று அவளுக்கும் தெரியாது. அவர்கள் வீட்டில் நாகத்தின் கதை மட்டுமே சொல்வார்களாம். கேட்டுக் கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். பிறகு அவள் கேட்டது நாம் எதிர்பாராதது. இந்தியில் கேட்டாள், தமிழில் அவளுக்கு அந்த அளவு அப்போது வராது.

"பொருள் வேறாக இருந்திருந்தால் வந்திருக்க மாட்டீர்களா, மாமா?"

நமக்கு விடை வரவில்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக் கொண்டோம், எண்ணெய் வழுக்கிற்று. இரவு அங்கேயே உண்டோம்.

அந்தக் கேள்வியை நாம் இன்னும் சுமந்து கொண்டிருக்கிறோம். செசிலியா என்னும் அழகிய பெயர் இலத்தீனில் குருடு என்னும் சொல்லிலிருந்து வந்தது. கிளாடியா, நொண்டி என்பதிலிருந்து. மருமகளின் பாட்டி செசிலியாவாக இருந்திருந்தால் அகராதி நமக்கு என்ன உதவி செய்திருக்கும்? பதினொரு மாதம் பதினொரு ஆண்டாகியிருக்கும். பண்டையா கதை நம்மை மேம்பாலம் ஏற்றிற்று என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே அம்பது வியாழக்கிழமை அதே பாலத்தை ஒருவர் மெகஸ்தனிஸ் துணையின்றிக் கடந்திருக்கிறார் என்பதும் உண்மை. தாயாருக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று ஊரிலுள்ள நம் தங்கை கேட்டபோது, ஆயிற்று, பெயர் பெயர்க்கப்பட்டிருக்கிறது என்றோம். அவள் ஒப்பவில்லை. இன்றுவரை கடிதத்தில் 'மூத்தவன் மகள்' என்றே எழுதுகிறாள்.

மார்கரெட்டுக்குப் பதினொரு வயது நடந்தபோது, 2008 கோடை விடுமுறையில், அவளைக் கொற்கைக்கு அழைத்துச் சென்றோம். துணைவியாரும் வந்தார், 2016இல் மறைந்த அவர் ஊருக்கு வந்த கடைசிப் பயணம் அது. ஏரலிலிருந்து பேருந்து. வாழைத் தோட்டங்களும் வயல்களும். மிகப் பழையது என்று ஊரார் காட்டும் வன்னி மரம் ஒன்று. தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கி 6, 7 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. தொல்பொருள் துறையினர் 1968-69இல் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரி, கி.மு. எட்டாம் நூற்றாண்டைக் காட்டிற்று. தூத்துக்குடிக் கடலில் 1961இல் நடந்ததற்குப் பிறகு அரசின் முத்துக் குளிப்பே நடைபெறவில்லை. இவற்றை எல்லாம் நாம் விளக்கிக் கொண்டே நடக்க, பெண் பொறுமையோடு கேட்டாள்.

"கடல் எங்கே, தாத்தா?"

கிழக்கே கையைக் காட்டினோம். தென்னைகள்தாம் தெரிந்தன.

வரப்போரத்தில் குனிந்து எதையோ எடுத்தாள். உடைந்த சிப்பி ஒன்று. மண் படிந்து சுண்ணாம்பாய் இருந்தது. பாவாடையில் துடைத்ததும் உட்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் இலேசாக ஒளி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில் இருந்த முத்து எங்கே, ஆச்சி?" என்று துணைவியாரைக் கேட்டாள்.

"அதை எப்பவோ வித்துட்டாங்க" என்றார் அவர்.

சிப்பியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டாள். வெயில் ஏறியிருந்தது. ஏரல் பேருந்து மூன்று மணிக்குத்தான் என்றார்கள். வன்னி மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம்.